அப்பாவின் காதும் 634 பாகையும்

சென்ற பெப்ரவரியில் ஒருநாள் விடியப்புறம் மூன்றேகால் மணிக்கு என் மகள் என்னை உலுப்பி எழுப்பினாள்.

"அப்பா, கீழ ஏதோ அடிக்குது."

நான்கு பீப், ஒரு சின்ன இடைவெளி, பிறகும் நான்கு பீப். நெருப்புப் புகைக்கு மூன்று, கார்பன் மோனொக்சைட்டுக்கு நான்கு. அலாரத்தின் பின்பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. அதை நான் வாசித்திருந்தேன் என்பது நித்திரைத் தூக்கத்தில் எப்படியோ ஞாபகம் வந்தது.

நாங்கள் ஒன்ராறியோவில் ஏஜாக்ஸில் இருக்கிறோம். அன்று பின்னேரம் அடித்த காற்றில் லைன் அறுந்து தெரு முழுக்க இருட்டு. வெளியே மைனஸ் 14 பாகை. வீட்டுக்குப் பின்னால் டெக்கை ஒட்டி ஜெனறேற்றரை ஓடவிட்டு, பேஸ்மென்ற் யன்னலைக் கொஞ்சம் திறந்து அதனூடாக வயரை உள்ளே எடுத்திருந்தோம். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வயர், அப்பாவின் அறையில் இருக்கும் ஹீற்றருக்கு ஒரு வயர். யன்னல் இடுக்கில் பழைய துவாய் ஒன்றை அடைந்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கீழே ஓடினேன். அப்பாவின் அறைக் கதவிலிருந்து நாலடி தூரத்தில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையில் 118. அப்பா நல்ல நித்திரை. தோளில் தட்டி எழுப்பினேன்.

"என்ன தம்பி, கரன்ட் வந்திட்டுதோ?" என்றார்.

எல்லோரையும் காருக்குள் ஏற்றித் தெருமுனைக்குப் போய் நின்று 911ஐ அழைத்தோம். தீயணைப்புப் படையினர் வந்து, ஜெனறேற்றரை நிறுத்தி, வீட்டைக் காற்றாட விட்டு, அறை அறையாக அளந்து பார்த்தார்கள். அப்பாவுக்குத் தலையிடி. வேறு ஒன்றும் ஆகவில்லை. காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்த மகள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பப்பாவுக்கு ஏன் அது கேக்கேல்லை?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் தொடங்கி, ஒரு எஞ்சினின் புகைக்குழாய்க்குள் நுழைந்து, திரும்பவும் அதே கேள்விக்கு வந்து சேர்கிறது.

சத்தத்தைக் கேட்டே திருத்தின மனிசன்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரன்ட் இல்லை, பெற்றோல் இல்லை. பொருளாதாரத் தடை. கிடைத்தது மண்ணெண்ணெய் மட்டும்தான், அதுவும் அளந்துதான். பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் சைக்கிள்களும் தண்ணீர் பம்புகளும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. சின்னப் போத்தல் ஒன்றில் தங்கத்தைப்போல வைத்திருக்கும் பெற்றோலில் சில சொட்டுகளை காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இந்த வயதில் உள்ள எந்த யாழ்ப்பாணத்தாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா அப்படியான எஞ்சின்களைத் திருத்திக் கொடுத்தார். எனக்கு அப்போது ஆறு, ஏழு வயது. அவரிடம் அளக்கும் கருவி என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒரு ஸ்குறூ டிரைவர், ஒரு ஸ்பானர் செட், இரண்டு காதுகள். காபரேற்றரில் இருக்கும் ஊசித் திருகை மெல்ல மெல்ல இறுக்குவார். எஞ்சின் சத்தம் ஏறி, பிறகு தளர்ந்து, இருமத் தொடங்கும். உடனே மற்றப் பக்கம் இளக்கிக்கொண்டு போவார். திரும்பவும் சத்தம் ஏறி, பிறகு கனத்துத் தள்ளாடும். "ரெண்டு பக்கமும் போய்ப் பாத்திட்டுத்தான் நடுவில நிக்கோணும்" என்பார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன்.

2013 டிசெம்பரில் ரொறொன்ரோவை உறைமழை தாக்கியபோது மூன்று லட்சம் அளவிலான மின் இணைப்புகள் அறுந்தன. நத்தார் தாண்டியும் பலருக்குக் கரன்ட் வரவில்லை. நாங்கள் அப்போது ஸ்காபரோவில் இருந்தோம். அடுத்த வருட வசந்தகாலத்தில் அப்பா ஒரு கராஜ் சேலில் பழைய 4000 வாற் ஜெனறேற்றர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். 8 குதிரைவலு பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின். இப்போது வரும் எஞ்சின்களில் கலவையைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்து மூடிவிடுகிறார்கள். இதில் அந்தக் காலத்து ஊசித் திருகு இருந்தது. அதற்காகவே வாங்கினார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு யூலையிலும் ஒரு சனிக்கிழமை அதை வெளியே எடுத்து ஓடவிட்டு, காதைச் சரித்து, திருகைத் திருத்தி வைப்பது அவருக்குத் திருவிழா மாதிரி.

அந்த இரவு என்ன நடந்தது?

அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் எஞ்சினின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரிச்சட்டியின் அடிப்பக்கம் மாதிரிக் கறுப்பு. எரிபொருள் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. ஊசித் திருகு இரண்டேகால் சுற்றுத் திறந்திருந்தது.

காரணம் ஒன்றல்ல, நான்கு.

முதலாவது குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. 27 பாகையில் சரியாக வைத்த காபரேற்றர், மைனஸ் 14 பாகையில் கிட்டத்தட்ட 7 வீதம் எரிபொருள் குறைந்த கலவையைத்தான் கொடுக்கும். இங்கே விற்கும் பெற்றோலில் கலந்திருக்கும் எத்தனோலும் அதே பக்கம்தான் தள்ளும். எத்தனோலுக்குள் ஏற்கெனவே ஒட்சிசன் இருக்கிறது. யூலையில் சரியாக இருந்த திருகு பெப்ரவரியில் சரியில்லை. அன்றிரவு எஞ்சின் 'வூம்… வூம்…' என்று ஏறி இறங்கியது. அது எரிபொருள் போதாமல் தவிக்கும் சத்தம்.

இரண்டாவது அவசரம். எஞ்சின் சூடேற முன்னமே அப்பா திருகை இளக்கினார். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைதான். சூடேறிய பிறகு அது தேவையில்லை. ஆனால் திருகு இளகியபடியே இருந்துவிட்டது.

மூன்றாவது ஜெனறேற்றரின் இயல்பு. மோட்டார் சைக்கிளில் கலவை பிழைத்தால் வேகம் மாறும், சத்தம் மாறும். ஜெனறேற்றரில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் வர எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றுச் சுற்ற வேண்டும். கலவை கனத்து வலு குறைந்தால், கவர்னர் துரொட்டிலைக் கூடத் திறந்து திரும்பவும் 3600க்குக் கொண்டுவந்துவிடும். பிழையை அது மூடி மறைத்துவிடும். காதுக்கு எல்லாம் சரி மாதிரித்தான் கேட்கும்.

நான்காவது அப்பாவின் காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எரிபொருள் மிஞ்சினால் எல்லாவற்றுக்கும் போதுமான ஒட்சிசன் கிடைக்காது. பாதி எரிந்த காபன், கார்பன் மோனொக்சைட்டாக வெளியே வரும். மணம் இல்லை, நிறம் இல்லை. யன்னலுக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் அதை ஓடவிட்டது நான். அந்தப் பிழையை எந்தத் திருகின் தலையிலும் போட முடியாது.

புகையின் சூடு என்ன சொல்லும்?

நான் மென்பொருள் எழுதுகிறவன். காதை நம்ப முடியாவிட்டால் எதை நம்பலாம் என்று தேடினேன். விடை பழையது. சின்ன விமானங்களை ஓட்டுகிறவர்கள் பல காலமாகச் செய்வது: புகைக்குழாயில் வெப்பத்தை அளந்து கலவையைச் சரிசெய்வது.

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த அளவை ஒட்டிய இடத்தில் புகை மிகவும் சூடாக இருக்கும். எரிபொருள் கூடினால், எரியாத மிச்சம் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும், புகை குளிரும். காற்றுக் கூடினால், எரிவதில் பங்கெடுக்காத மேலதிகக் காற்றும் சேர்ந்து சூடாக வேண்டும், அப்போதும் புகை குளிரும். இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒரு உச்சி. ஒரு மலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

விமானி கலவையைக் குறைத்துக்கொண்டே போய் அந்த உச்சியைக் கண்டுபிடிப்பார். பிறகு தேவைக்கேற்ப உச்சியிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறங்கி நிற்பார். உச்சியிலேயே நிற்பது காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நல்லதல்ல. சிலிண்டரின் தலை மிகக் கூடச் சூடாவது உச்சிக்குச் சற்று எரிபொருள் கூடிய பக்கத்தில். அதையும் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் எஞ்சினுக்கு வலுவும் கிடைக்கும், சூடும் தணியும். குளிர்சாதனப் பெட்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகும்போது ஜெனறேற்றருக்கு அந்த வலு வேண்டும்.

சிவப்பு வயர்

கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று வாங்கினேன். இரண்டு வேறு உலோகக் கலவைக் கம்பிகளை நுனியில் ஒட்டியது, அவ்வளவுதான். நுனி சூடாகும்போது ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற்று மின்னழுத்தம் வரும். அதை வாசிக்க மேக்ஸ் 6675 என்ற சின்னச் சிப், அதை ஒரு ஆர்டுயினோ போர்டில் இணைத்தேன். 1000 பாகைக்குச் சற்று மேல் வரை வாசிக்கும். எங்கள் வேலைக்குத் தாராளம்.

கோப்பி மேசையில் வைத்து லைற்றர் நெருப்பைக் காட்டிப் பார்த்தேன். சூடாக்கச் சூடாக்க எண் குறைந்துகொண்டே போனது. அரை மணித்தியாலம் என் கோடில் பிழை தேடினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"வயரை மாத்திக் குடுத்துப் பார்."

சிவப்பு வயரை நான் பிளஸ்ஸில் கொடுத்திருந்தேன். உலகத்தில் எல்லா இடத்திலும் சிவப்பு பிளஸ்தானே. அமெரிக்க முறைத் தெர்மோகப்பிளில் சிவப்புத்தான் மைனஸ், மஞ்சள் பிளஸ். மாற்றினேன், எண் ஏறியது. மாஸ்ரர்ஸ் படித்த மகனைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அது போதும்.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் அப்பாவின் கூட்டாளி ஒருவர், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் குழாய்த் துண்டில் துளை போட்டு, மரையுள்ள ஒரு பிடியை ஒட்டித் தந்தார். எஞ்சின் வாசலில் இருந்து 4 சென்ரிமீற்றர் தூரம். தெர்மோகப்பிளின் நுனி குழாயின் நடுவில் நிற்க வேண்டும், சுவரைத் தொடக்கூடாது.

முதல் ஓட்டத்தில் எண்கள் பேய் பிடித்த மாதிரிக் குதித்தன. 540, 890, 12. பிளக் வயரின் மின்பொறி தெர்மோகப்பிள் வயருக்குள் புகுந்துவிட்டது. வயரை முறுக்கி, பிளக் வயரிலிருந்து தூர விலக்கிக் கட்டி, பத்து வாசிப்புகளின் சராசரியை எடுத்தவுடன் அடங்கியது.

"அந்தப் பக்கம் போய்ப் பாத்தனியோ?"

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மைனஸ் 6 பாகை. ஜெனறேற்றரை வளவின் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு 1500 வாற் ஹீற்றர்களைப் புல்லில் வைத்துச் சுமையாகக் கொடுத்தோம். சுமை மாறினால் புகையின் சூடும் மாறும், அதனால் பரிசோதனை முடியுமட்டும் சுமை ஒரே அளவாக இருக்க வேண்டும். 15 நிமிடம் எஞ்சினைச் சூடேற விட்டோம்.

திருகு இரண்டேகால் சுற்றில் இருந்தபடியே வாசித்தேன்: 487 பாகை. இறுக்கினேன். ஏறியது. ஒன்றரைச் சுற்றைத் தாண்டியதும் 605 வந்தது. இணையத்தில் சின்ன எஞ்சின்களுக்கு 600 சொச்சம் என்று பார்த்திருந்தேன். "சரி அப்பா, 605. இதுதான்" என்று ஸ்குறூ டிரைவரை எடுத்தேன்.

"அந்தப் பக்கம் போய்ப் பாத்தனியோ?" என்று கேட்டார்.

"தேவையில்லை அப்பா, நம்பர் சரி."

"நம்பர் சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. மலையில எந்தப் பக்கம் நிக்கிறாய் எண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது. அதுதான் உண்மை. மலைக்கு இரண்டு சரிவு. 605 பாகை இந்தச் சரிவிலும் இருக்கும், அந்தச் சரிவிலும் இருக்கும். ஒன்று பாதுகாப்பான இடம், மற்றது எஞ்சின் தவிக்கும் இடம். எண் ஒன்றுதான். அது போக, தெர்மோகப்பிளை இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி வைத்தாலே என் 605 வேறு எண்ணாகிவிடும். அடுத்த வீட்டு எஞ்சினின் எண் எனக்கு உதவாது. என் எஞ்சினின் உச்சி எங்கே, அதிலிருந்து நான் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

ஸ்குறூ டிரைவரை அப்பாவின் கையில் கொடுத்தேன். "அரைக்கால் அரைக்காலாத் திருகுவம்" என்றார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு எண் அடங்க இரண்டு நிமிடம் பொறுத்தோம். மகள் வாசித்தாள், கொப்பியில் எழுதினாள்:

ஒன்றேமுக்கால் – 541
ஒன்றரையே அரைக்கால் – 566
ஒன்றரை – 590
ஒன்றேகாலே அரைக்கால் – 616
ஒன்றேகால் – 634
ஒன்றே அரைக்கால் – 627
ஒன்று – 605

ஒன்றே அரைக்காலில் எஞ்சின் மெல்ல 'வூம்… வூம்…' என்று ஆடத் தொடங்கியது. ஒன்றில் காபரேற்றருக்குள் 'டப்' என்று வெடித்தது. நான் சரி என்று நம்பிய அதே 605, இப்போது மலையின் மற்றப் பக்கத்தில்.

உச்சி ஒன்றேகால். அங்கிருந்து எரிபொருள் கூடிய பக்கம் திரும்பி வந்து ஒன்றரையில் நிறுத்தினோம். உச்சிக்கு 44 பாகை கீழே. ஒரு ஹீற்றரைத் திடீரென்று நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். எஞ்சின் ஒரு தரம் முனகிவிட்டு நிமிர்ந்தது. யூலையில் திரும்பவும் அதே பரிசோதனை செய்தபோது உச்சி ஒன்றே அரைக்காலுக்கு நகர்ந்திருந்தது. சூடான காற்றுக்குத் திருகு கொஞ்சம் மூடியிருந்தாலே போதும். மகள் நகப்பூச்சு எடுத்து வந்து, திருகின் பக்கத்தில் குளிருக்கு நீலப் புள்ளியும் வெயிலுக்குச் சிவப்புப் புள்ளியும் வைத்தாள்.

"அரைக்காலுக்கும் கீழ என்ன அப்பப்பா?" என்று கேட்டாள்.

"மாகாணி. பதினாறில ஒண்டு."

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக வராத சொல், குளிரில் நின்ற அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது. அதற்காக யாரும் எஞ்சின் வாங்க வேண்டாம்.

அப்பாவின் மலை

இனி அந்த நான்காவது காரணம்.

சில வருடங்களாகவே அப்பாவிடம் நான் அடிக்கடி கேட்பதுண்டு: "அப்பா, காது கேக்குதுதானே?" அவர் சொல்வார்: "ஓமோம், நல்லாக் கேக்குது." பொய்யில்லை. நான் கதைப்பது கேட்கிறது. கதவு தட்டுவது கேட்கிறது. எஞ்சினின் ஆழமான சத்தமும் கேட்கிறது. நானும் அந்த ஒற்றை விடையை வாங்கிக்கொண்டு போய்விடுவேன். 605 பாகையை நம்பினது மாதிரித்தான்.

ஏப்ரலில் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே யாரும் "கேக்குதோ?" என்று கேட்டுவிட்டு விடவில்லை. தாழ்ந்த சுருதியில் தொடங்கி உயர்ந்த சுருதிவரை ஒவ்வொன்றாக, கேட்காமல் போகும் இடம்வரை போய், திரும்பி வந்து, கோடு வரைந்தார்கள். கோடு 1000 ஹேர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட நேராக வந்தது. 2000இல் சரிந்தது. 3000இல் பள்ளத்தில் விழுந்தது.

வீடுகளில் இருக்கும் சாதாரண அலாரங்கள் 3000 ஹேர்ட்ஸை ஒட்டிய சுருதியில்தான் அடிக்கின்றன. வயதாகும்போது முதலில் போவதும் அந்த உயர்ந்த சுருதிகள்தான். நாலடி தூரத்தில் அடித்த அலாரம் அப்பாவுக்கு அடிக்கவே இல்லை. எஞ்சின் சத்தத்தின் மேல்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களும், அவர் முற்றத்தில் இருந்து கேட்டுத் திருத்தின அதே வித்தியாசங்களும், போய்விட்டிருந்தன. கனத்த சத்தம் மட்டும் மிச்சம். அது சீராக இருந்தால் அவருக்கு எல்லாம் சரி.

கோட்டைப் பார்த்துவிட்டு அப்பா வெகு நேரம் பேசவில்லை. காரில் வரும்போதுதான் சொன்னார். "முத்தத்தில இருந்து திருத்தேக்க எனக்கு எல்லாம் கேட்டது, தம்பி." நான் "தெரியும் அப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது அவருக்குக் காதுக் கருவி இருக்கிறது. இரவில் கழற்றி வைத்துவிடுவார். அதனால் அவருடைய அறைக்கு 520 ஹேர்ட்ஸ் தாழ்ந்த சுருதியில் அடிக்கும் அலாரம் வாங்கினோம். காது மந்தமானவர்களுக்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதோடு தலையணைக்குக் கீழ் வைத்து அதிரும் கருவி ஒன்று. பூட்டிய முதல் இரவில் டெஸ்ட் செய்தபோது அப்பா திடுக்கிட்டு எழும்பிப் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மகளுக்குப் பெரிய சந்தோசம்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் ஜெனறேற்றரில் துளை போடச் சொல்லி இதை எழுதவில்லை. இப்போது வரும் எஞ்சின்களில் திருத்தத் திருகே இராது, மூடியதைத் திறப்பதும் கூடாது. ஏறி இறங்கி ஓடினால் பெரும்பாலும் காபரேற்றரின் சின்னத் துளையில் பழைய பெற்றோல் காய்ந்து அடைத்திருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய எஞ்சின் வைத்திருந்து, கை வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் மேலே சொன்னது.

ஆனால் இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருங்கள். கலவையை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் ஜெனறேற்றரின் புகை ஆளைக் கொல்லும். எங்கள் ஒன்றரைச் சுற்றிலும் கார்பன் மோனொக்சைட் வருகிறது, இரண்டேகாலை விடக் குறைவு, அவ்வளவுதான். காப்பாற்றுவது தூரம். கராஜுக்குள் வேண்டாம், கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். டெக்கின் கீழ் வேண்டாம். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகை வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். வயருக்காக யன்னலைத் திறந்து வைத்தால் அதனூடாகப் புகையும் வரும். நாங்கள் இப்போது வளவின் மூலையில் வைத்து, தடித்த நீள வயர் எடுத்து, சுவரில் முறையாகப் பூட்டிய இணைப்பில் கொடுக்கிறோம். அதை மின்வேலை அனுமதி உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருக்கட்டும், பேஸ்மென்ற்றிலும் இருக்கட்டும். அடித்தால் காரணம் தேடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, பிறகு 911.

கடைசியாக ஒன்று. எங்களில் பலருடைய வீட்டில் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கிறார்கள், அதிலும் பலர் பேஸ்மென்ற்றில். இந்தக் கிழமை ஒருநாள் பின்னேரம், அவர்கள் காதுக் கருவியைக் கழற்றிக் கதவைச் சாத்திப் படுத்திருக்கும்போது, வெளியே நின்று அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமத்துங்கள். முதலே சொல்லாதீர்கள். கதவு திறக்கிறதா என்று பாருங்கள்.

"கேக்குதோ?" என்று கேட்டால் "கேக்குது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டியது நாங்கள்தான்.